புகலிடம் கோருவோருக்குத் தொழில் திறனால் உதவுவது எப்படி: மலையகத்தவருக்கான முழுமையான வழிகாட்டி

வெளிநாடொன்றில் புகலிடம் கோரியிருந்த இளைஞர் ஒருவரின் தாயார், சில ஆண்டுகளுக்கு முன்னர் ஹட்டனிலுள்ள எனது அலுவலகத்துக்கு மூன்று தாள்களைக் கொண்டுவந்தார். சிங்களத்தில் எழுதப்பட்ட பிறப்புச் சான்றிதழ், தமிழில் எழுதப்பட்ட பாடசாலை விடுகைப் பத்திரம், தேசிய அடையாள அட்டையின் பிரதி என, சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளராக நான் நாளாந்தம் பார்க்கும் தாள்கள்தாம் அவை. தந்தையின் பெயர் மூன்றிலும் மூன்று விதமாக இருந்தது. முன்னர் அவற்றை மொழிபெயர்த்தவர் கண்டதைக் கண்டவாறே மூன்று வெவ்வேறு ஆங்கில எழுத்துக்கூட்டல்களில் எழுதி, எந்தக் குறிப்பும் இடாமல் கையொப்பமிட்டிருந்தார். மகனின் கோரிக்கையை நிராகரித்த கடிதத்தில், இந்த ஆவணங்கள் ஒரே ஆளுக்குரியவை என ஏற்க இயலாது என்று ஒரு பந்தி இருந்தது.

தமிழிலிருந்து சிங்களத்துக்கும் அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் ஒரு பெயர் போகும்போது என்ன நேர்கிறது என்பதை இரண்டு பக்கங்களில் எழுதிக்கொடுத்தேன். அந்த இளைஞரின் சட்டத்தரணி அதை மேன்முறையீட்டுக் கோவையில் சேர்த்தார். எனக்கு அது ஒரு மாலைப்பொழுது வேலை. ஆனால் அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் இலண்டனிலோ மெல்பேணிலோ எளிதில் கிடைப்பதில்லை; ஹட்டனிலும் பண்டாரவளையிலும் பதுளையிலும் மாத்தளையிலும் இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர், ஆசிரியர், வைத்தியர், தோட்ட மருத்துவ உதவியாளர், சட்டத்தரணி, கணினித் துறையினர் ஆகியோர் தம் தொழிலறிவை எங்கே, எப்படி, எந்த எல்லைக்குள் வழங்கலாம் என்பதைச் செய்யும் வரிசையிலேயே இங்கு விளக்குகிறேன்.

முதற்படி: யாருக்கு உதவப்போகிறீர்கள் என்று தீர்மானித்தல்

இனம், மதம், நாட்டுரிமை, குறித்த சமூகக் குழுவொன்றைச் சேர்ந்திருத்தல், அரசியற் கருத்து ஆகிய ஐந்து காரணங்களுள் ஏதேனும் ஒன்றினால் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தோடு தம் நாட்டுக்கு வெளியே இருப்பவரே அகதி என்று 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயம் வரையறுக்கிறது. அந்த வரையறைக்குள் தாம் அடங்குவதாக விண்ணப்பித்து, முடிவுக்காகக் காத்திருப்பவர் புகலிடக் கோரிக்கையாளர். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில் காத்திருக்கும் காலத்தில்தான் ஆவணமும் சாட்சியமும் தேவைப்படுகின்றன, நமது உதவிக்குப் பெறுமதியும் அப்போதுதான் மிகுதி.

மலையகத்திலிருந்து பார்த்தால் மூன்று வகையினர் நம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறார்கள். முதலாவது வகையினர், பிரித்தானியா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில் விண்ணப்பித்திருக்கும் இலங்கையர். இரண்டாவது வகையினர், இலங்கைக்குள்ளேயே காத்திருக்கும் பிற நாட்டவர். இலங்கை 1951ஆம் ஆண்டின் சமவாயத்திலோ அதை விரிவுபடுத்திய 1967ஆம் ஆண்டின் நெறிமுறையிலோ கைச்சாத்திடவில்லை. ஆகவே பாகிஸ்தானிலிருந்து வந்த அஹ்மதியா முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், ஆப்கானியர் போன்றோரின் கோரிக்கைகளை அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர்ஸ்தானிகராலயமே ஆராய்ந்து வந்திருக்கிறது. ஏற்கப்பட்டவர்களும் இங்கே நிரந்தரமாகத் தங்க இயலாது, மூன்றாவது நாடொன்று அழைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அவர்களுக்குச் சட்டப்படி வேலை செய்யும் உரிமை இல்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதித் தாக்குதல்களுக்குப் பின்னர் நீர்கொழும்பில் அவர்கள் வாடகை வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டு, பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலைய வளவிலும் தங்கியிருந்ததைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள்.

மூன்றாவது வகையினர் நமக்கு மிக நெருக்கமானவர்கள். 1977, 1983 வன்செயல்களில் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறி, பின்னர் போர் காரணமாகப் படகேறித் தமிழ்நாட்டுக்குச் சென்று முகாம்களில் வாழும் மலையகக் குடும்பங்கள் அவர்கள். அந்த முகாம்களின் பெயரைத் தமிழ்நாட்டு அரசு 2021இல் மறுவாழ்வு முகாம்கள் என்று மாற்றியது. ஆயினும் அங்கே பிறந்து வளர்ந்தவர்களுள் பலருக்கு இன்றும் எந்த நாட்டின் குடியுரிமையும் கையில் இல்லை. சட்டத்தின் கண்ணில் இவர்களுடைய நிலை முதல் இரு வகையினரிலிருந்து வேறுபட்டதாயினும், தேவைப்படும் தொழில் திறன் அதேதான்.

மூன்று வகையினருக்கும் ஒரே நேரத்தில் உதவ முயல வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் உறுதியாக ஒதுக்க இயலும் என்பதை எழுதி வையுங்கள். இரண்டு மணித்தியாலம் என்றால் இரண்டேதான். பத்து மணித்தியாலம் தருவதாகச் சொல்லிவிட்டு மேன்முறையீட்டுத் திகதிக்கு முதல் நாள் கைவிடுபவரால் விளையும் கேடு, தொடக்கத்திலேயே மறுத்தவரால் விளைவதைவிடப் பெரிது.

இரண்டாம் படி: எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை அறிதல்

புகலிட வழக்குகளில் நல்லெண்ணத்தோடு நுழைந்து கெடுதல் செய்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே சட்ட ஆலோசனை சொல்லப் போனவர்கள்தாம். பிரித்தானியாவில் 1999ஆம் ஆண்டின் குடிவரவு, புகலிடச் சட்டத்தின்படி, அதற்கெனத் தகுதிபெறாத ஒருவர் குடிவரவு ஆலோசனை வழங்குவது, பணம் பெறாவிட்டாலும், குற்றமாகும். அவுஸ்திரேலியாவில் பதிவுபெற்ற குடிவரவு முகவரோ சட்டத்தரணியோதான் அத்தகைய உதவியை வழங்கலாம். இலங்கையில் சட்டத்தரணியாக இருப்பவருக்கும் இது பொருந்தும். நுவரெலியா நீதிமன்றத்தில் முப்பது ஆண்டுகள் வழக்காடியிருந்தாலும் கனடிய அகதிச் சட்டத்தைப் பற்றி அந்நாட்டிலிருப்பவருக்கு ஆலோசனை சொல்லும் தகுதி அதனால் வந்துவிடாது. அவர் வழங்கக்கூடியது இலங்கைச் சட்டம் பற்றிய விளக்கமாகும். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்துவைத்தல் எவ்வாறு நடைபெறுகிறது, ஒரு பிடியாணை எந்த வடிவத்தில் இருக்கும், எந்த நீதிமன்றத்துக்கு எந்த அதிகாரம் உண்டு என்பவற்றைக் கேட்கும் வெளிநாட்டுச் சட்டத்தரணிகளுக்கு அது மிகவும் பயன்படும்.

‘எந்த நாட்டுக்குப் போனால் கிடைக்கும்?’, ‘இந்தச் சம்பவத்தைச் சொல்லவா, விடவா?’ என்று உறவினர் கேட்பார்கள். முதற்கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். இரண்டாவதற்கு, நடந்ததை நடந்தபடியே தம் சட்டத்தரணியிடம் முழுமையாகச் சொல்லுமாறு கூறுங்கள். ஒருவருடைய கதையை மெருகேற்றுவதும், இன்னொருவருக்கு வெற்றி தந்த கதையை இவருக்குப் பொருத்துவதும் நம் ஊர்களில் பணத்துக்குச் செய்யப்படும் வேலைகள் என்பதை நான் அறிவேன். உண்மையாகவே அடிபட்டவனின் வாக்குமூலமும் அவற்றால் சந்தேகத்துக்குள்ளாகிறது. அத்தகைய வேலைக்கு உங்கள் முத்திரையைக் கேட்டால், கேட்பவர் சொந்தச் சகோதரரே ஆனாலும் மறுத்துவிடுங்கள்.

அவசரமாகச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு: காலக்கெடு இருக்கும், உடனே சட்டத்தரணியைப் பாருங்கள் என்பது. எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் நுழைந்து ஓராண்டுக்குள் புகலிட விண்ணப்பத்தைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது பொது விதி. விதிவிலக்குகள் உண்டெனினும் அவற்றை நிறுவுவது கடினம்.

மூன்றாம் படி: அமைப்பொன்றின் ஊடாகச் சேர்தல்

தனியாளாக முகநூலில் அறிவித்துவிட்டு உதவத் தொடங்க வேண்டாம். கோவையைப் பொறுப்பேற்கும் சட்டத்தரணியோ அமைப்போ இருக்கும் இடத்தில்தான் உங்கள் வேலை வழக்குக்குப் பயன்படும். தவறு நேர்ந்தால் திருத்துவதற்கும் ஆள் இருக்கும்.

தமிழ்நாட்டு முகாம்களிலுள்ளோர் தொடர்பாக, 1984 முதல் இயங்கிவரும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் ஆவணங்களைப் பெற்றுக்கொடுக்கும் பணியில் நெடுங்கால அனுபவம் உடையது. வெளிநாடுகளிலுள்ளோருக்கு எழுத்து மொழிபெயர்ப்புச் செய்ய விரும்புவோர் ரெஸ்பொண்ட் கிரைசிஸ் ட்ரான்ஸ்லேஷன் என்ற அமைப்பையும், தொலைபேசி வழியாக உரைபெயர்க்க விரும்புவோர் தர்ஜிம்லி என்ற செயலியையும் அணுகலாம். மெல்பேணிலுள்ள புகலிடக் கோரிக்கையாளர் வள நிலையம் போன்றவை தன்னார்வலர்களைத் தெரிவுசெய்யும் முறைகளை வகுத்து வைத்திருக்கின்றன. இலங்கைக்குள் காத்திருப்போருக்கு உதவ விரும்பினால், அவர்களோடு ஏற்கெனவே பணியாற்றும் மத நிறுவனங்கள் வழியாகவும் உயர்ஸ்தானிகராலயத்தின் பங்காளி அமைப்புகள் வழியாகவும் செல்லுங்கள்.

விண்ணப்பக் கடிதத்தை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். என்ன தொழில், எத்தனை ஆண்டு, எந்த மொழிகளில் வாசிக்கவும் எழுதவும் இயலும், எந்தப் பிரதேசத்தின் பேச்சுவழக்கு நன்றாகத் தெரியும் என்பவற்றைக் குறிப்பிடுங்கள். மலையகத்தவர் பலர் தமக்குச் சிங்கள எழுத்து வாசிக்கத் தெரியும் என்பதை ஒரு திறமையாகவே எண்ணுவதில்லை. நமது பிறப்புச் சான்றிதழ்களில் பெரும்பாலானவை சிங்களத்தில் இருப்பதால், தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் அறிந்தவரை எந்த அகதிகள் அமைப்பும் இரு கைகளாலும் வரவேற்கும். ஆகவே அதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

நான்காம் படி: ஆவணங்களை மொழிபெயர்த்தல்

முதலில் ஒரு கேள்வியைச் சட்டத்தரணியிடம் கேட்க வேண்டும்: யாருடைய மொழிபெயர்ப்பு ஏற்கப்படும்? அமெரிக்காவில், தமக்கு இரு மொழிகளிலும் தகுதி உண்டு, மொழிபெயர்ப்பு முழுமையானதும் சரியானதுமாகும் என்று மொழிபெயர்ப்பாளர் கையொப்பமிட்டுச் சான்றளிக்க வேண்டும். பிரித்தானியாவில் மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், கையொப்பம், தொடர்பு விபரம், திகதி ஆகியன வேண்டும். பிரான்ஸ் போன்ற நாடுகளில் அந்நாட்டு நீதிமன்றப் பட்டியலிலுள்ள மொழிபெயர்ப்பாளரைத்தான் பல அலுவலகங்கள் ஏற்கும். அப்படியான இடத்தில் உங்கள் மொழிபெயர்ப்பு சட்டத்தரணிக்கு விளங்குவதற்கான வரைவாக மட்டுமே பயன்படும். அதுவும் பயனுள்ள பணிதான், ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு தாளில் இருப்பவை அனைத்தும் மொழிபெயர்க்கப்பட வேண்டும். அச்சிட்ட தலைப்பு, கையெழுத்து, முத்திரையிலுள்ள சொற்கள், ஓரத்தில் எழுதிய திருத்தம், வெட்டப்பட்ட வரி, பின்பக்கத்திலுள்ள இலக்கம் என எதையும் விடலாகாது. வாசிக்க இயலாத இடத்தில் ‘தெளிவில்லை’ என்று சதுர அடைப்புக்குள் எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். மூலத்தில் பிழை இருந்தால் பிழையோடு மொழிபெயர்த்து, கீழே மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக அதைச் சுட்டுங்கள்.

நமது பெயர்களே பெரிய சிக்கல். ‘கணேசன்’ என்பதன் முதலெழுத்துத் தமிழில் ஒன்றுதான். சிங்களத்தில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. பதிவாளர் காதில் விழுந்தபடி ஒன்றை எழுதுவார், பாடசாலை அதிபர் வேறொன்றை எழுதுவார், ஆங்கிலத்துக்கு வரும்போது இரு வேறு ஆட்கள் போலத் தோன்றும். கடவுச்சீட்டிலுள்ள எழுத்துக்கூட்டலை முதன்மையாகக் கொண்டு, மற்ற ஆவணங்களில் மூல எழுத்துகளின்படி வரும் வடிவத்தையும் கொடுத்து, இவை ஒரே தமிழ்ப் பெயரின் வடிவங்கள் என்று குறிப்பெழுதுங்கள். தந்தையின் பெயரை முன்னே இடும் வழக்கத்தையும் ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டும். ‘பெருமாள் கணேசன்’ என்பவரின் மகன் ‘கணேசன் சிவகுமார்’ ஆகிறார். குடும்பப் பெயர் பரம்பரையாகத் தொடரும் நாட்டு அதிகாரிக்குத் தந்தையும் மகனும் வேறு குடும்பத்தவராகத் தெரிகிறார்கள்.

அடுத்தது தேசிய அடையாள அட்டை. 2016க்கு முன்னர் வழங்கப்பட்ட ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் காட்டும். பெண்களுக்கு அந்த மூன்றிலக்கத்தோடு 500 கூட்டப்படும். எல்லா ஆண்டுகளிலும் பெப்ரவரிக்கு 29 நாட்கள் என்றே கணக்கிடப்படும். எனவே 1978 மார்ச் 1ஆம் திகதி பிறந்த பெண்ணின் இலக்கம் 78561 என்று தொடங்கும். புதிய பன்னிரண்டு இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கத்தில் வரும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் இடையே முரண்பாடு உண்டா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். முரண்பாடு இருந்தால் திகதியை நீங்களே திருத்திவிடாமல் சட்டத்தரணிக்குத் தெரிவியுங்கள். எதிர்த்தரப்பு கண்டுபிடிக்கும் முன்னர் அவர் அதைத் தாமாகவே விளக்கிவிட இயலும்.

இடப்பெயர்களும் அப்படியே. தோட்டத்தின் பதிவுப் பெயர் ஒன்றாகவும் மக்கள் வழங்கும் பெயர் வேறொன்றாகவும் இருக்கும். மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்ற வேறுபாடு ஒரு தாளில் இருக்கும், மற்றதில் இராது. பழைய தாளில் அம்பகமுவ என்றிருக்கும் பிரதேச செயலகம் புதிய தாளில் நோர்வுட் என்றிருக்கலாம். அவர் வீடு மாறவில்லை, நிர்வாகப் பிரிவுதான் மாறியது. இதைச் சொல்ல நமக்கு ஒரு வரி போதும், வெளிநாட்டு அதிகாரிக்கு யாரும் சொல்லாவிட்டால் தெரிய வழியில்லை.

வாக்குமூலங்களில் வரும் பேச்சுச் சொற்களுக்கு இன்னும் கூடிய கவனம் வேண்டும். பெரியப்பாவின் மகனும் சின்னம்மாவின் மகனும் நமக்கு அண்ணன்தான். ‘அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்’ என்று முதல் நேர்காணலில் சொன்னவர், குடும்ப விபரப் படிவத்தில் தமக்கு உடன்பிறந்தார் இல்லை என்று எழுதியிருப்பார், இரண்டும் உண்மை. ஆங்கிலத்தில் அது பொய்யாகிவிடும். உறவுமுறை வரும் ஒவ்வோரிடத்திலும் இரத்த உறவின் முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே எழுதுங்கள். ‘அன்றைக்கு அரைப்பேர்தான் போட்டார்கள்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஒருவருக்கும் விளங்காது. அரைநாள் சம்பளமே பதியப்பட்டது என்று பெயர்த்து, மூலச் சொல்லைக் குறிப்பில் தர வேண்டும். ‘தீபாவளி முற்பணம் கொடுத்த கிழமை’, ‘திருவிழாவுக்குக் கொடியேற்றிய அன்று’ என்று நம்மவர் சொல்லும் காலக் குறிப்புகளை நீங்களே திகதியாக மாற்றக்கூடாது. சொன்னபடியே பெயர்த்து, அந்த ஆண்டில் அது எந்த மாதம் வந்தது என்பதைத் தனிக் குறிப்பாகக் கொடுங்கள்.

ஐந்தாம் படி: நேர்காணலில் உரைபெயர்த்தல்

எழுத்து மொழிபெயர்ப்பில் வல்லவர் எல்லோரும் உரைபெயர்ப்பில் வல்லவராக இருக்கமாட்டார். தொடங்கும் முன்னர் சில மாதிரி அமர்வுகளில் பழகுங்கள். பேசுபவர் ‘நான்’ என்றால் நீங்களும் ‘நான்’ என்றே பெயர்க்க வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று சேர்க்கக்கூடாது. சுருக்குவதும் கூடாது. அழுகையினால் ஒரு வாக்கியம் பாதியில் நின்றால் பாதியாகவே பெயர்த்துவிடுங்கள். விளங்காத சொல்லுக்கு விளக்கம் கேட்கும் முன்னர், தாம் விளக்கம் கேட்கப்போவதை இரு தரப்பினருக்கும் அறிவியுங்கள்.

பேசுபவர் உங்கள் ஊரவராகவோ, உங்கள் உறவினருக்குத் தெரிந்தவராகவோ இருந்தால் விலகிக்கொள்ளுங்கள். மலையகம் சிறியது, தோட்டத்தின் பெயரைச் சொன்னவுடன் குடும்பமே தெரிந்துவிடும். பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண் ஒருவர், தம் ஊர்க்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதற்காகவே அதைச் சொல்லாமல் விட்டுவிடக்கூடும். பெண் உரைபெயர்ப்பாளர்கள் மிகவும் தேவைப்படுவதற்கு இதுவே காரணம். ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பெண்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆறாம் படி: பின்னணிக் குறிப்பு எழுதுதல்

மலையகத்தவர் ஒருவரின் வழக்கில் அதிகாரி முதலில் தடுமாறுவது, பிறப்புச் சான்றிதழில் இன நிரலில் ‘இந்தியத் தமிழர்’ என்று இருப்பதைக் கண்டுதான். இந்தியர் என்றால் இந்தியாவுக்குப் போகலாமே என்று எழுதப்பட்ட நிராகரிப்பை நானே வாசித்திருக்கிறேன். ஆகவே வரலாற்று ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் செய்யக்கூடிய அருமையான உதவி, ஆதாரங்களோடு கூடிய மூன்று பக்கப் பின்னணிக் குறிப்பாகும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம்மவரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே ஏற்பட்ட சிறிமா சாஸ்திரி உடன்படிக்கை 975,000 பேரைக் கணக்கெடுத்து, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கி, 150,000 பேரைப் பின்னர் பார்ப்பதாக விட்டுவைத்தது. 1974இல் அந்த எஞ்சியோர் ஆளுக்குப் பாதியாகப் பங்கிடப்பட்டனர். 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை வழங்கியது. போரினால் இந்தியா சென்றவர்களுக்கு வதிவிட நிபந்தனை தடையாக இருந்தமையால், 2009இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒரே குடும்பத்தில் தாத்தாவிடம் இந்தியக் கடவுச்சீட்டும், தந்தையிடம் ஒன்றுமில்லாமலும், மகனிடம் இலங்கை அடையாள அட்டையும் இருப்பது எவ்வாறு நேர்ந்தது என்பது இந்த வரிசையைக் கண்டால்தான் விளங்கும்.

முகாம்களிலுள்ளோருக்கு இதே அறிவு வேறு விதத்தில் பயன்படும். இந்தியாவில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகரகத்தில் பதிந்து, இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின்கீழ் குடியுரிமை பெற வேண்டும். அதற்குப் பெற்றோரின் இலங்கை ஆவணங்கள் தேவை. அவை நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டப் பதிவேடுகளில்தான் இருக்கின்றன. பிறந்த திகதி சரியாகத் தெரியாது, தோட்டத்தின் பெயர் மட்டும் தெரியும் என்ற நிலையில் பதிவேட்டைத் தேடி உண்மைப் பிரதி எடுத்துக்கொடுக்கும் வேலைக்கு, ஓய்வுபெற்ற கிராம உத்தியோகத்தர்களையும் பிரதேச செயலக எழுதுவினைஞர்களையும்விடப் பொருத்தமானவர்களை நான் காணவில்லை. மறுபுறத்தில், இந்தியக் குடியுரிமை கோரும் மலையக வம்சாவளியினரின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் கூறியது. எந்த நாட்டின் குடியுரிமையை நாடுவது என்பது அந்தக் குடும்பத்தின் தீர்மானம். ஆவணம் எடுத்துக்கொடுப்பவர் அதில் கருத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கவனம்: பதிவேட்டில் பிரதி எடுப்பது வேறு, சம்பவத்தை விசாரிக்கப் போவது வேறு. புகலிடம் கோரியவர் கூறியது உண்மையா என்று அறிய, பொலிஸ் நிலையத்துக்கோ தோட்ட அலுவலகத்துக்கோ தொலைபேசி எடுக்கக்கூடாது. ஒருவர் புகலிடம் கோரியிருக்கிறார் என்ற செய்தியே ஊரிலுள்ள அவருடைய பெற்றோருக்கு ஆபத்தாகலாம்.

வைத்தியர்களுக்கும் தோட்ட மருத்துவ உதவியாளர்களுக்கும்

சித்திரவதையின் தடயங்களை ஆவணப்படுத்துவதற்கான அனைத்துலக வழிகாட்டி இஸ்தான்புல் நெறிமுறையாகும். 1999இல் வெளிவந்த அது 2022இல் புதுப்பிக்கப்பட்டது. தழும்பொன்று கூறப்பட்ட சம்பவத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதை ஐந்து நிலைகளில் கூறுமாறு அது கேட்கிறது: பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, அத்தகைய சம்பவத்தில் வழமையாகக் காணப்படுவது, வேறெவ்விதத்திலும் ஏற்பட்டிருக்க இயலாதது. இரக்கத்தின் காரணமாக ஒரு நிலை கூட்டி எழுதும் வைத்தியர் தம் அறிக்கையின் பெறுமதியை முழுவதுமாக இழக்கிறார். ‘பொருந்துகிறது’ என்ற அடக்கமான சொல்லே பல வழக்குகளுக்குப் போதுமானது. நேரிற் பரிசோதிக்காத ஒருவருக்கு உடல் தழும்புகள் பற்றிய அறிக்கை எழுத வேண்டாம். முன்னர் இங்கே சிகிச்சை பெற்றவராயின், அவருடைய எழுத்துமூலச் சம்மதத்தோடு, கிளினிக் புத்தகத்திலும் நோய் நிர்ணய அட்டையிலும் உள்ள சுருக்கக் குறியீடுகளை விரித்து எழுதிக்கொடுப்பது பேருதவி. கவ்வாத்துக் கத்தியால் ஏற்படும் தழும்பு, தேயிலை மலையில் அட்டை கடித்துச் சொறிந்ததால் ஏற்படும் தழும்பு ஆகியவற்றை அறிந்த தோட்ட மருத்துவ உதவியாளரின் அனுபவம், எது தொழிலால் வந்தது, எது அவ்வாறு வந்திருக்க இயலாது என்று பிரித்தறிய வெளிநாட்டு வைத்தியருக்கு உதவும்.

உளவியல் துறையினர் மேற்பார்வையாளர் ஒருவர் இன்றித் தொலைவழி ஆலோசனையைத் தொடங்க வேண்டாம். பெருந்துயரை அனுபவித்தவரின் நினைவு ஒழுங்கான வரிசையில் வராது என்பதைத் தகுந்த தகைமையோடு எழுதிக்கொடுப்பவரின் கருத்துக்கு வழக்கில் இடமுண்டு. ஐயத்தின் பலனை விண்ணப்பதாரருக்கு வழங்கும் கோட்பாட்டை அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர்ஸ்தானிகராலயத்தின் 1979ஆம் ஆண்டுக் கைந்நூலே கூறுகிறது.

ஆசிரியர்களும் கணினித் துறையினரும்

ஆசிரியர்கள் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இணையவழியில் ஆங்கிலமும் கணிதமும் கற்பிக்கலாம். ஒரு பிள்ளை அடுத்து எந்த நாட்டுக்குப் போகும் என்பது தெரியாதாகையால், எந்த நாட்டுப் பாடத்திட்டத்திலும் பயன்படும் அடிப்படைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் வீட்டு நிலவரம், பயணக் கதை எதையும் பிள்ளையிடம் கேட்க வேண்டாம். கணினித் துறையினரின் வேலை பெரும்பாலும் அமைப்புகளின் கோவைகளைப் பாதுகாப்பதாக இருக்கும். அடுத்த படி அவர்களுக்கும் மற்றெல்லோருக்கும் உரியது.

ஏழாம் படி: தகவலைக் காத்தல்

கோவைகளை வட்ஸ்அப் குழுக்களில் வாங்க வேண்டாம். லயன் வீடுகளில் ஒரு கைப்பேசியை நால்வர் பாவிப்பது வழமை. அனுப்பியவர் யார், எப்போது அழிப்பார் என்பதை நீங்கள் கட்டுப்படுத்த இயலாது. அமைப்பு தரும் பாதுகாப்பான வழியில் மட்டுமே பெற்று, கோப்புக்குப் பெயரிடும்போது ஆளின் பெயரை விட்டு வழக்கிலக்கத்தை மட்டும் இடுங்கள். கைப்பேசியில் எடுத்த நிழற்படத்தினுள் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கும். ஊரிலிருந்து ஆவணத்தைப் படமெடுத்து அனுப்பும்போது இருப்பிடப் பதிவை நிறுத்திவிட்டு எடுங்கள். நகரிலுள்ள தொடர்பாடல் நிலையத்தில் பிரதி எடுத்தால், அங்குள்ள கணினியில் கோப்பு மீந்திருக்கிறதா என்று பார்த்து அழித்த பின்னரே எழுந்து வாருங்கள். எனது அலுவலகத்தில் புகலிட வழக்குக்குரிய தாள்களை மற்றத் தாள்களோடு மேசையில் வைப்பதில்லை. வரிசையில் நிற்பவர்களுள் ஒருவர் அந்தத் தோட்டத்தைச் சேர்ந்தவராக இருந்துவிடலாம்.

எட்டாம் படி: முடித்துக் கொடுத்தல்

மொழிபெயர்ப்பை அனுப்பும் முன்னர், முடிந்தால் இன்னொரு மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு பெயர்களையும் எண்களையும் மட்டும் மூலத்தோடு சரிபார்க்கச் செய்யுங்கள். என் கண்ணுக்குத் தப்பிய திகதிப் பிழைகளை மற்றொருவர் கண்டுபிடித்துத் தந்த சந்தர்ப்பங்கள் ஒன்றிரண்டு அல்ல. உங்கள் சான்றுரையின் பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு, மூலத் தாள்களை உரியவரிடமே கையொப்பம் பெற்று ஒப்படையுங்கள். நீங்கள் எழுதியது பற்றிப் பின்னர் தீர்ப்பாயத்தில் கேள்வி எழலாம். ஆகவே திகதி, பக்க எண்ணிக்கை, வழக்கிலக்கம், எந்தச் சொல்லுக்கு ஏன் அந்தப் பெயர்ப்பைத் தெரிந்தீர்கள் என்ற சிறு குறிப்பு ஆகியவற்றைத் தனிக் கொப்பியொன்றில் எழுதிப் பூட்டி வைத்திருங்கள்.

வழக்கின் முடிவைக் கேட்டு உறவினரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். பெரும்பாலும் உங்களுக்கு அது தெரியவே வராது. கேட்ட கதைகள் இரவில் தூக்கத்தைக் கெடுத்தால், அமைப்பின் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிச் சில கிழமைகள் ஓய்வெடுங்கள். வீட்டாரிடமோ நண்பரிடமோ ஆளடையாளம் தெரியும்படி அதைப் பகிர வேண்டாம். ஓய்வெடுக்கும்போது கையிலுள்ள கோவையை யாரிடம் ஒப்படைத்தீர்கள், அதில் எந்தப் பக்கம்வரை முடிந்திருக்கிறது என்பதைச் சட்டத்தரணிக்கு அன்றைக்கே எழுதி அனுப்புங்கள்.